கடற்படை அதிகாரி பறித்த குடை

இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கப் போன இடத்தில், அங்கே குடியேறிய ஈழத்தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். கட்டை உருவம், பென்னம்பெரிய மீசை. பேச்சுக்கு நடுவே சட்டைப்பையில் இருக்கும் ஜெர்மன் கடவுச்சீட்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இலங்கையின் வடக்கே ஒரு சிறு தீவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனவரின் குடையை, இறங்குதுறையில் கடற்படை அதிகாரி ஒருவன் பறித்துவிட்டான். ஜெர்மனி திரும்பியதும் இவர் அரசிடம் முறைப்பாடு கொடுத்தார். பெர்லின் கொழும்பைக் கேட்டது. கொழும்பு வருத்தம் தெரிவித்து, தூதரகம் வழியாகக் குடையையே அனுப்பிவிட்டது.

அலுவலகப் பெண்மணி அதைப் பெருமையோடு மேசையில் வைத்தார். மீசைக்காரர் விரித்துப் பார்த்தார்.

"இது என்ரை குடை இல்லை," என்றார் கோபமாக.

"வடிவாப் பாருங்கோ அண்ணை," என்றேன்.

முகத்தில் கோபம் மாறாமலே தமிழில் சொன்னார்: "தம்பி, முறைப்பாடு போன பிறகு அந்த ஒபிசர் அக்காவைக் கண்டா வணக்கம் சொல்லுறானாம். முந்தி வீட்டுக்குள்ள பூந்து வெருட்டினவன். இந்த முறைப்பாட்டை இப்ப முடிக்க ஏலாது. குடை மாறிப்போச்செண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன். பெண்மணி பெருமூச்சு விட்டு, பெர்லினுக்கு மறுபடி எழுத உட்கார்ந்தார்.

அது அவருடைய குடைதானா என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்க வாய் வராது.