விதவைப் பணத்துக்கு ஒருநாள் வேலை

ஆசிரியை வெர்லீனுக்கு டெக்சஸ் அரசுப் பென்ஷன் வரப்போவதால், என்றாவது கணவன் இறந்தால் விதவைக்கென்று மத்திய அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டிப் பணம் வெட்டுப்படும். தப்ப ஒரே வழி, ஓய்வுபெறுமுன் கடைசி ஒருநாள், சோஷியல் செக்யூரிட்டிக்கும் சம்பளத்தில் பணம் பிடிக்கிற பள்ளியில் ஏதாவதொரு வேலை பார்ப்பது. அதனால்தான் வெளியூர்ப் பள்ளியொன்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

காரில் கொண்டுவந்து விட்டவன் கணவன் ஓடெல்தான். "நல்லாக் கூட்டுடி! நான் செத்தாத்தானே கூலி?" என்று சிரித்தான்.

கோடை விடுமுறை. ஆளில்லாத வகுப்பறைகளில் துடைப்பச் சத்தம் அவள் பின்னாலேயே வந்தது. கடைசி அறைக்கு வந்ததும் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தாள். கார் அங்கேயே நின்றது, உள்ளே யாரும் தெரியவில்லை.

ஓடினாள். பின்சீட்டில் மார்பில் கைகட்டி, கண்மூடிப் படுத்திருந்தான். உலுக்கினாள்.

"என்னடி, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"இல்லீங்க, இன்னும் ஒரு ரூம் இருக்கு."

"போய் முடிச்சிடு. என் கணக்கும் தீரட்டும்."

போனாள். ஆனால் துடைப்பத்தை வாசலிலேயே சாத்திவிட்டு, மாலைவரை அந்த ஓர் அறையை மட்டும் கூட்டாமலே நின்றாள்.