ஆகாயத்தில் மகள், மூலையில் விளக்குமாறு

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓடும் பஸ் கண்டக்டர்களில் மிக்கேலம்மாளை அறியாதவர் கிடையாது. வீட்டிலிருந்து யார் வெளியூர் புறப்பட்டாலும், "எத்தன மணிக்குப் போயிச் சேருமுங்க?" என்று கண்டக்டரைப் பிடித்துக் கேட்டு வைத்துக்கொள்வாள். அந்த நேரம் ஆகும்வரை வீடு பெருக்க மாட்டாள். பெருக்கினால் போனவர்களையே பெருக்கித் தள்ளியது போலாகிவிடுமாம். புருஷன் இறந்த பிறகு கடலைக்காட்டை ஒற்றையாளாகப் பார்த்து இரண்டு பெண்களை வளர்த்தவள், இந்த ஒன்றுக்கு மட்டும் அஞ்சுவாள்.

1971இல் மூத்தவள் சகாயமேரி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி புறப்பட்டாள். ரயிலில் பம்பாய் சேர்ந்துவிட்டதாகத் தந்தி வந்ததும் மிக்கேலம்மாள் ஒருமுறை பெருக்கிக்கொண்டாள். விமானம் ஞாயிறு விடிகாலை நாலு மணிக்கு. அன்று மதியமே இளையவள் ராஜமேரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை லாரி டிரைவர். அவனைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்றிருந்தாள் ராஜமேரி. ஆனால் அவன் தாய் அருளாயி, தரையில் துரும்பு கிடந்தாலும் முகம் சுளிப்பவள். இங்கோ வீடு முழுக்க, முந்தின நாள் இரவு வரை உடைத்த விதைக்கடலைத் தொலி.

"நாலுக்குக் கெளம்பி ஒம்பதரைக்கு எறங்குதுன்னு சகாயம் சொன்னாளே. அஞ்சரை மணி நேரம். பூசை முடிஞ்சு வந்து பெருக்கிக்கலாம், அக்கா" என்றான் தம்பி மதலைமுத்து.

"அட, பெங்களூர் பஸ் போற நேரந்தான்! நாலாயிரம் மைலுன்னு பயமுறுத்துனாளே!" என்றாள் மிக்கேலம்மாள்.

பூசை முடிந்து வந்தவள் விளக்குமாற்றை எடுத்துக் குனிந்தாள். ராஜமேரி வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்தாள்.

"அம்மா, பெருக்காத."

"ஏண்டி?"

"ஒம்பதரைங்கறது அந்த ஊரு ஒம்பதரை. அங்க கடியாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடியாம். அக்காதான் சொன்னா. நம்ம கணக்குல ரெண்டு மணிக்குத்தான் எறங்கும்."

கையில் தேள் கொட்டினாற்போல் விளக்குமாற்றைப் போட்டாள் மிக்கேலம்மாள். "அய்யோ, எம்புள்ள இன்னும் பாதி வழியிலயா இருக்கறா?"

"வாய மூடிட்டு இருந்தா என்ன புள்ள? உன் கல்யாணமடி!" என்றான் மதலைமுத்து.

"அக்கா மேல இருக்கறப்ப எப்படி மாமா?" அவள் கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு வந்த அருளாயியின் காலடியில் தொலி நொறுங்கியது. "என்னங்க இது, வூடா, களமா?"

மிக்கேலம்மாள் எதையும் மறைக்கவில்லை. "பெரிய பொண்ணு ஆகாசத்துல இருக்கறாங்க. ரெண்டு மணிக்குத்தான் எறங்குவா. தெரியாம காலையிலயே பெருக்கப் பாத்தன், இவதான் தடுத்துட்டா."

அருளாயி ராஜமேரியை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க வர்றது தெரிஞ்சுமா தடுத்த?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். அருளாயி தொலிமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எம்பையன் ராப்பகலா ரோட்டுல கெடக்கறவன். இப்படி ஒருத்தி வூட்டுல இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவன். சோத்தப் போடுங்க, ரெண்டு மணி ஆகட்டும்."

சாப்பாடு முடிந்து எல்லாரும் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி ஆனது. மிக்கேலம்மாள் அசையவில்லை.

"நம்ம பஸ்ஸே நேரத்துக்கு வர்றதில்ல. இன்னுங் கால் மணி நேரம் பொறுங்க."

வீடே சிரித்தது. அந்தக் கால் மணி நேரமும் கடந்ததும் அருளாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சம்பந்தி, இன்னொரு வெளக்குமாறு இருந்தாக் குடுங்க."