கயிற்றின் கடைசியில் என் மோதிர விரல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடையில் சில்லறை திருப்பிக் கேட்கக்கூட இரண்டு தடவை யோசிப்பேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் விரலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய காலம். பெங்களூருக்கு வெளியே சந்தாபுரா பக்கம் ஒரு தோல் கையுறைக் கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். மேலே தகரக் கூரை, ஃபேன் கிடையாது. பக்கத்து மெஷினில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அட்டையால் விசிறிக்கொண்டே தைப்பாள். அந்த வருஷம் மே தினத்துக்கு முதலாளி கயிறு இழுக்கும் போட்டி வைத்தார். ஜெயிக்கும் பிரிவுக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன். எங்களுக்கு எதிரில் பேக்கிங் பெண்கள். பெட்டி தூக்கித் தூக்கி அவர்கள் கை உலக்கை மாதிரி இருக்கும்.

"அக்கா, எப்படியாவது அந்த ஃபேனை வாங்கிக் குடுத்துரு. நானும் வேகறேன், உள்ள இருக்கிறதும் வேகுது" என்றாள் கர்ப்பிணி. இதை என்னைப் பார்த்துச் சொன்னாள், பாவம்.

எங்கள் சூப்பர்வைசர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே கன்னடமும் வரும். டீ நேரத்தில் பேப்பரோடு வந்தார். "வயித்துல இருக்கும்போதே ஆம்பளை ஹார்மோன் ஜாஸ்தி பட்டா, ஆள்காட்டி விரலைவிட மோதிர விரல் நீளமா வளருமாம். அந்த மாதிரி கை இருக்கிறவங்க ஆட்டத்துல கெட்டியாம். ஆய்த்து, டீம் எடுக்கிறது ஈஸி!" என்றார். இது கூட்டமாகப் பார்த்தால் தெரியும் சராசரிதான், ஒரு ஆளின் விரலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்றும் கடைசியில் போட்டிருந்ததாம். அதைப் படிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது.

வேறு கம்பெனியாக இருந்தால் இது பேச்சோடு போயிருக்கும். எங்களுக்கோ கை அளவு எடுப்பதுதான் பிழைப்பு. ஆளுக்கொரு டேப் இருந்தது. வரிசையாகக் கை நீட்டினோம். என்னிடம் வந்ததும் சார் டேப்பை மறுபடியும் வைத்துப் பார்த்தார். பெண்கள் சைஸ் கையுறையில் எனக்கு மோதிர விரல் எப்போதும் முட்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னாக்கா இது, ஜென்ட்ஸ் லார்ஜ்!" என்று கத்தினாள் கர்ப்பிணி.

"மீசைதான் பாக்கி" என்றாள் பின்வரிசைக்காரி.

"இவங்கதான் கடைசி ஆள். கயித்தை இடுப்புல சுத்திடுங்க" என்றார் சார்.

"சார், எனக்கு..." என்றேன்.

"விரல் பொய் சொல்லாதும்மா."

மே தினத்தன்று கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் போட்டி. கட்டிங் பிரிவு ஆண்கள் மொத்தப் பேரும் காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். விசில் ஊதியதும் பேக்கிங் பெண்கள் ஒரே இழுப்பில் எங்களைக் கோட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். நான் குதிகால் தேயச் சறுக்கிக்கொண்டே போனேன். அப்போது சுவர்மேலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணாத்தே, விடாதே! இழு அண்ணாத்தே!"

மைதானமே திரும்பி என்னைப் பார்த்தது. முகம் பற்றி எரிந்தது. அங்கே ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. இடுப்பில் கயிறு இருப்பதையே மறந்து, அப்படியே திரும்பி, கழிவறையைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் ஏதோ கனமாக வந்தது. நான் நிற்கவில்லை. பேக்கிங் பெண்கள் சிரிப்பு தாங்காமல் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, உட்கார்ந்தபடியே கோட்டைத் தாண்டி வந்துவிட்டார்களாம். எனக்கு அது தெரிந்தது, கழிவறைக் கதவைப் பிடித்த பிறகுதான்.

சார் ஓடி வந்து என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்தீங்களா ஹார்மோனை!"

கர்ப்பிணி தன் வயிற்றைத் தட்டினாள். "கேட்டுக்கோ. பொண்ணாவே இரு, ஆனா அந்த விரலை மட்டும் நீளமா வளத்துக்கோ."

மறுநாள் காலை ஃபேனை அவள் மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். சாயங்காலம் வரை கரண்ட் இல்லை.