இறக்கு மாப்ள

அம்மாவின் தம்பி, என் மாமா, மதுரையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பாட்டுப் பதிவு செய்யும் இடம் வைத்திருந்தார். சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும் ஒட்டியிருக்கும். அதைத்தான் எல்லோரும் ஸ்டூடியோ என்று சொல்வோம். டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் ஊரில், திருவிழாவுக்கு அம்மன் பாட்டு கேசட் போடுவதென்று ஒரு வருடம் முடிவானது. பாடுவதற்கு அப்பாவை விட்டால் ஆளில்லை. மேடைக் கச்சேரிகளில் பாடிப் பெயர் வாங்கியவர். அம்மா கோயிலிலும் களையெடுப்பிலும் பாடியவள். அவளும் பாடட்டும் என்று மாமாதான் சொன்னார். அவளுக்கென்று தனியாக ஒரு சரணமும் ஒதுக்கினார். அம்மா அதைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தாள்.

பாடி முடித்த மறுநாள் மிக்ஸிங். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. நான் அப்பாவோடு போய் அவர் மடியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எல்லாமே கைவேலை. அப்பா குரல் ஒரு டிராக், அம்மா குரல் ஒரு டிராக், உருமி ஒன்று, நாதசுரம் ஒன்று. டேப் ஓட ஓட, மாமா நான்கையும் விரலால் ஏற்றியும் இறக்கியும் ஒரே டேப்பில் சேர்ப்பார். சேர்த்தது சேர்த்ததுதான். பழைய டேப்பை அழித்துவிட்டு அடுத்த பாட்டைப் பதிவார்கள்.

அம்மாவின் சரணம் வந்ததும் அதுவரை தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் தொடை நின்றது.

“இறக்கு மாப்ள.”

“மச்சான், அக்கா குரல்தான் எடுப்பா இருக்கு.”

“அதான் சொல்றேன். இறக்கு.”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலைக் கீழே இழுத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிறைகுடத்தைத்தானே இடுப்பிலிருந்து பார்த்துப் பார்த்து இறக்குவார்கள்? அம்மாவின் குரலையும் அப்படித்தான் பத்திரமாக இறக்கி வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

திருவிழாவன்று அம்மா அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நின்றாள். அப்பாவின் குரல் ஊரை நிறைத்தது. அம்மாவின் சரணத்தில் உருமிதான் இரைந்தது. அதற்கு அடியில் கொசு பறப்பதுபோல ஏதோ கேட்டது.

“ஏத்தா, நீ பாடுனியா, இல்ல சும்மா வாயசச்சியா?” என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சோறு வைத்தபடியே, தன் குரல் ஏன் கேட்கவில்லை என்று கேட்டாள். அவர் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அந்த மெசினுக்கு உன் குரலு ஒத்துக்கல. அவன் என்ன செய்வான், பாவம்.”

மாமா இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா நம்பினாள். அதன்பிறகு அவள் துணி துவைக்கும்போதுகூட ஒரு பாட்டை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பின்னால் பிறந்த என் தம்பி ரேடியோ கேட்டுத்தான் தூங்கினான்.

இப்போது அப்பாவும் அம்மாவும் கே.கே. நகரில் என்னோடு இருக்கிறார்கள். என் மகன் படிப்பை ஓரங்கட்டிவிட்டு லேப்டாப்பில் பாட்டு மிக்ஸ் செய்கிறான். “டிஜிட்டல்ல எதுவும் அழியாதும்மா. பிடிக்கலேன்னா ஒரு பட்டன், பழையபடி ஆயிரும்” என்பான். போன வாரம் அந்தப் பழைய கேசட்டை லேப்டாப்பில் ஏற்றி, அதிலிருந்த குரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உருமி போனது. அப்பா போனார். அம்மாவின் குரல் மட்டும் கூடத்தில் எழுந்தது.

“யாருய்யா இது? அம்புட்டு நல்லாப் பாடுது” என்றாள் அம்மா.

“நீங்கதான் அம்மாச்சி.”

“போடா. இப்ப உள்ள மெசினு எதையும் நல்லதாக்கிரும்.”

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. “அதான்” என்றார். “இறக்குப்பா, சத்தம் ஓவரா இருக்கு.”

மகன் உடனே இறக்கினான். ‘ஏத்துடா’ என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தாத்தாவுக்குக் காது வலிக்கிறது என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் அன்றைக்குக் குடம் என்றுதான் நினைத்தேன்.