வடதுருவத்தில் இரண்டு தடவை பொங்கிய பால்

சிட்னியில், லிட்கமில் இருக்கிற நம் ஆட்கள் பலர் மேற்கே வீடு கட்டக் காணி பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே எப்படிப் போவது, எதைக் கொண்டுபோவது, எதைத் தொடக் கூடாது என்று தமிழ்ச் சங்கத்தின் சைக்ளோஸ்டைல் தாளில் எழுதும்படி எனக்கு உத்தரவு. உத்தரவு போட்டது தாளின் ஆசிரியர் அல்ல, அம்மா. பதினைந்து வயதுக்காரனுக்கு இது ஏன் தண்டனையாக வந்தது என்பது பயணத்தின் இருபத்தெட்டாவது கிலோமீற்றரில் தெரியும். அதுவரை பொறுமையாக வாருங்கள்.

இடத்துக்கு விளம்பரத்தில் உள்ள பெயர் கிங்ஃபிஷர் ஹைட்ஸ். அங்கே மீன்கொத்தியும் இல்லை, உயரமும் இல்லை. பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு பழைய கோழிப்பண்ணையைக் கூறுபோட்டு விற்கிறார்கள். குளிர்காலக் காலைகளில் புல் முழுவதும் வெள்ளையாக உறைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு தமிழனும் இல்லாமல் கிடக்கும். அதனால் நான் வைத்த பெயர் வடதுருவம். "தெற்கில இருந்துகொண்டு வடதுருவமாம். பூகோளத்தில உனக்கு எத்தினை மார்க்ஸ்?" என்று அப்பா கேட்டார். அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவர். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் அவருக்கு உதவாது.

ஒரு ஊர் முளைப்பதை நேரில் பார்க்க விரும்பினால் இப்போதே போங்கள். நாங்கள் முதல்முறை போனது கோடை காலத்தில். சிவப்பு நாடா கட்டிய முளைகள் மட்டும் நின்றன. அப்பா இரண்டு முளைகளுக்கு நடுவில் நின்று, "இதுதான் எங்கட குசினி" என்றார். அடுப்பு வரப்போகிற அந்தக் குசினியில் ஒரு முயல் ஓடியது. அடுத்த முறை தெருவோரக் கல் பதித்திருந்தார்கள், தெருதான் இல்லை. அதற்கடுத்த முறை கம்பியில்லாத விளக்குக் கம்பங்களும், யாருமே இல்லாத வெளியில் தன்னந்தனியாக ஒரு தொலைபேசிக் கூண்டும் வந்திருந்தன. நான் உள்ளே போய்க் காதில் வைத்துப் பார்த்தேன். கூண்டு இருந்தது, தொடர்பு இல்லை. ஆசிரியர் பேசியும் எதுவும் காதில் ஏறாத எங்கள் வகுப்பு மாதிரி. பால் காய்ச்சுவதற்கு மூன்று வாரம் முந்திய பயணத்தில் எங்கள் வீடும், பக்கத்தில் அதே அச்சில் வார்த்த இன்னொரு வீடும் கூரையோடு நின்றன. சுற்றிலும் சேறு. வாசலில் தகரப் பலகையில் ஒன்றுக்கு 41, மற்றதுக்கு 42. எங்களுடையது 41.

அம்மா லிட்கமில் இரண்டரை வருடம் இரண்டு அறை பிளாட்டில் இருந்தவர். மிளகாய் வறுத்தால் மேல்மாடிக்காரர் கம்பால் தரையைத் தட்டுவார். அதனால் புது வீட்டின் ஒவ்வொரு சாமானையும் அம்மாதான் தெரிவுசெய்தார். குளியலறைச் சுவரில் பதிக்கப் பச்சைத் தட்டோடு, கடைக்காரர் பாஷையில் டைல். அதற்காக மூன்று கடை ஏறி இறங்கினோம். ஆனி மாதம் முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடியில் புது வீடு குடிபுக மாட்டோம், முன்பே பால் காய்ச்சிவிட்டால் சாமானைப் பிறகும் ஏற்றலாம். பிளாட்டை ஓகஸ்ட் முதல் கிழமையில் காலிபண்ண வேண்டும். மிஞ்சியிருந்த நல்ல நாள் ஒரு சனிக்கிழமை, நேரம் காலை 8.05 முதல் 8.50 வரை. நேரம் பார்த்தது ஊரிலிருந்து தபாலில் வந்த பஞ்சாங்கத்தில். யாழ்ப்பாணத்து எட்டு மணியா, சிட்னி எட்டு மணியா என்று அப்பா கேட்டதற்கு, "பால் எங்க காயுதோ அந்த ஊர் மணி" என்றார் அம்மா.

லிட்கமில் 6.34க்கு ரயில். பிளாக்டவுன் 18 கிலோமீற்றர், 31 நிமிடம். எனக்கு அரை டிக்கெட், 35 சதம். பழைய சிவப்புப் பெட்டியின் கதவு மூடாது, ஆகையால் காற்று இலவசம். அப்பாவிடம் மண்ணெண்ணெய் அடுப்பு. அம்மாவிடம் போர்வையில் சுற்றிய பிள்ளையார் படமும் குத்துவிளக்கும். என்னிடம் தேங்காய், பானை, இரண்டு போத்தல் பால். பென்டில் ஹில் ஸ்டேஷன் தாண்டும்போது எனக்கு நன்றாகப் பசித்தது. இறங்கும்போது என் பை கொஞ்சம் பாரம் குறைந்திருந்தது. இதற்கு மேல் இப்போது சொல்ல விரும்பவில்லை.

பிளாக்டவுனிலிருந்து 7.20க்கு பஸ், 9 கிலோமீற்றர், எனக்கு 15 சதம். டிரைவர் ஜோ என்ற மால்டாக்காரர். முதுகைப் பார்த்தால் அலுமாரி, முகத்தைப் பார்த்தால் கலியாண வீட்டுக்காரர். தேங்காயைப் பார்த்து, "உந்த முடி வைச்ச பந்து என்ன?" என்று கேட்டார். இதை ஆங்கிலத்தில்தான் கேட்டார், தமிழாக்கம் என்னுடையது. புது வீட்டில் பால் பொங்க விடப் போகிறோம் என்றேன்.

"என்னத்துக்குப் பொங்க விடுறீங்கள்? என்ர மனுசி அடுப்பில பால் பொங்கினால் என்னைப் பேசுவாள்."

"எங்கட வீட்டில பொங்காட்டித்தான் பேச்சு விழும்" என்றார் அப்பா.

ஜோ தானும் அங்கேதான் வீடு கட்டுவதாகச் சொன்னார். சனிக்கிழமைகளில் பஸ் கடைசித் தரிப்பில் ஐம்பது நிமிடம் நிற்கும், அந்த நேரத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நடந்து போய்த் தன் செங்கல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவாராம். 7.48க்கு இறங்கினோம். அங்கிருந்து 600 மீற்றர் நடை. சப்பாத்தில் சேறு ஏறி, அப்பா அரை அங்குலம் உயர்ந்துவிட்டார்.

மூன்று வாரத்தில் வடதுருவம் அடையாளமே மாறியிருந்தது. இரண்டு வீடு நின்ற இடத்தில் ஏழு கூரை. எல்லாம் ஒரே செங்கல், ஒரே ஜன்னல். ஒரு முற்றத்தில் துணி காயப்போடும் சுழல்கம்பிகூட நட்டாயிற்று, வீடுதான் பாதி. அப்பா 41 என்ற பலகையைக் கண்டுபிடித்துச் சாவியைப் போட்டார். கதவு திறந்தது. அம்மா வலது காலை எடுத்து வைத்தார். கதவில் குங்குமப் பொட்டு, வாசற்படியில் தேங்காய், கிழக்குச் சுவரோரம் பிள்ளையார், குத்துவிளக்கு. 8.21க்கு அடுப்பு பற்றியது. பானையில் ஒரு போத்தல் பால். அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் இரண்டரை வருடத்தில் பார்த்ததில்லை.

நான் கை கழுவ இடம் தேடிக் குளியலறைக்குப் போனேன். தட்டோடு ரோஸ் நிறம்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மடையன்கள். பச்சை எண்டு எழுதிக் குடுத்தனான். திங்கட்கிழமை போய் ஒரு பிடி பிடிக்கிறன்" என்றார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் அப்பாவும் அம்மாவும் மேசனோடு பேசிக்கொண்டிருந்தபோது, வரைபடம் கீறுகிற மனிதர் தன் வீட்டைத் தானே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று 41, 42 பலகைகளைப் பிடுங்கி மாற்றி நட்டேன். திரும்ப மாற்றுவதற்குள் மழை வந்தது, எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினோம். பிறகு பரீட்சை, கிரிக்கெட், மறதி. கட்டி முடியும்வரை அந்தத் தெருவின் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவிதான் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

மணி 8.27. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்றைக்குத் தப்பலாம். ஆனால் அம்மாவின் பால் வேறொருவர் வீட்டில் பொங்கும். சொன்னால் என் கதை முடியும், ஆனால் இன்னும் இருபத்து மூன்று நிமிடம் இருக்கிறது. ஒரு குறும்பு பலிக்கக் கூடாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

"அம்மா, இது எங்கட வீடில்லை."

"என்னடா சொல்லுறாய்?"

"பலகையை நான்தான் மாத்தினனான். எங்கட வீடு பக்கத்தில."

அப்பா ஜன்னலால் எட்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நான் அளந்த காணி" என்றார், என்னிடம் அல்ல, சுவரிடம். அவர் அடுப்பை அணைக்கக் குனிந்தபோது அம்மா தடுத்தார்.

"எழும்புற பாலை நிப்பாட்டக் கூடாது. யாற்றை வீடெண்டாலும் பொங்கட்டும்."

8.31க்குப் பால் பொங்கி வழிந்தது. அதே நேரம் வாசலில் ஒரு அலுமாரி வந்து நின்றது. ஜோ. உடைந்த தேங்காயைப் பார்த்தார், கதவுப் பொட்டைப் பார்த்தார், தன் புதுத் தரையில் ஓடுகிற பாலைப் பார்த்தார்.

"இது என்ர வீடு" என்றார்.

அப்பா மன்னிப்பை ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். நான்தான் காரணம் என்று சொன்னேன், பலகை, மழை, எல்லாவற்றையும். ஜோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அப்ப என்ர வீட்டுக்கு நல்லது நடந்திட்டுதா?" என்று கேட்டார். ஓம் என்று அம்மா தலையாட்டினார். "உங்கட வீட்டுக்கு?" அம்மா என்னிடம் கையை நீட்டினார். "தம்பி, மற்றப் போத்தல்."

பென்டில் ஹில் விவகாரத்தை இங்கே சொல்ல வேண்டியதாகிவிட்டது: அந்தப் போத்தலை ரயிலிலேயே குடித்து முடித்திருந்தேன்.

அப்பா என் காதைத் தேடுவதற்குள் ஜோ, "தேத்தண்ணிக்கு வாங்கின பால் பஸ்ஸில கிடக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால, அரைப் போத்தல். முன்கதவை இடப்பக்கம் தள்ளு" என்றார். நான் ஓடினேன். சேற்றில் 600 மீற்றர் போக நாலு நிமிடம், வர ஐந்து. வரும்போது ஒருமுறை விழுந்தேன். முழங்கால் உடைந்தது, போத்தல் உடையவில்லை. நான் திரும்பி வரும்போது பிள்ளையார், விளக்கு, அடுப்பு எல்லாம் பக்கத்து வீட்டில் இருந்தன. ஜோவே குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனாராம், எண்ணெய் ஒரு சொட்டும் சிந்தாமல்.

"ஆரோ பாவிச்ச மிச்சப் பால் இது" என்று அப்பா இழுத்தார்.

"போத்தலில ஆரும் வாய் வைக்கேல்லைத்தானே. ஊத்துங்கோ" என்றார் அம்மா.

அரைப் போத்தல் சீக்கிரம் கொதிக்கும். இருந்தாலும் அந்தப் பானை அளவுக்கு மெதுவான பானையை நான் பார்த்ததில்லை. 8.48. ஓரத்தில் நுரை. 8.49க்கு எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. அம்மா எழுந்து குளியலறைக்குப் போய்ப் பச்சைத் தட்டோட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்தார். பிறகு சீனி போட்டு முதல் கப்பை ஜோவுக்குக் கொடுத்தார். 8.38க்குப் புறப்பட வேண்டிய பஸ் 8.58க்குப் புறப்பட்டது. காத்திருந்த மூன்று பேரிடமும் ஜோ தன் வீடு ஆசீர்வதிக்கப்பட்டதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். ஒருவர்கூட முறைப்பாடு செய்யவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பழைய சப்பாத்து போடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கடை இன்னும் வரவில்லை, வரும் என்ற பலகை மட்டும் வந்திருக்கிறது. மார்கழியில் போனால் தூசி, ஆனியில் போனால் உறைபனி, இரண்டுக்கும் ஒரே கம்பளிச் சால்வை போதும். பால் மூன்று போத்தல் கொண்டுபோங்கள், என் வயதில் யாரும் கூட வந்தால் நாலு. காணி இலக்கத்தைப் பலகையில் பார்க்காமல் வரைபடத்தில் பாருங்கள், வரைபடம் கீறுகிறவரை மட்டும் நம்ப வேண்டாம்.

நாங்கள் ஓகஸ்டில் குடிவந்துவிட்டோம். மிளகாய் வறுத்தால் இங்கே தரையைத் தட்ட யாரும் இல்லை. ஜோவும் மனைவியும் அடுத்த கிழமை வந்தார்கள். போன ஞாயிறு ஜோ தன் கதவுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார். குங்குமம் இருந்த இடத்தில் மட்டும் தூரிகை படாமல் வட்டமாக விட்டுவிட்டார். நான்காம் வீட்டுக்காரரும் தன் வீட்டில் பால் காய்ச்ச அம்மாவிடம் நாள் கேட்டிருக்கிறார். பானை தூக்குகிற உத்தியோகம் எனக்கு, சம்பளமில்லை.

எங்களைப் பார்க்க வருகிறவர்கள் இலக்கத்தை நம்பாதீர்கள், நான் இன்னும் இதே தெருவில்தான் இருக்கிறேன். வெள்ளைக் கதவில் சிவப்புப் பொட்டைத் தேடுங்கள். தமிழர் வீடு என்று நினைத்து அதைத் தட்டிவிட வேண்டாம். அதற்கு அடுத்த கதவு நாங்கள்.