மெத்தா உட்கார்ந்த நாற்காலி

மெத்தா பாட்டுக்காரனோடு ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் நாக்கில் நரம்பில்லாமல் சொல்கிறார்கள். எந்தப் பாட்டுக்காரன்? பேரைச் சொல்லட்டும் பார்ப்போம். சிவப்புக் கோட்டுக்காரன் என்பார்கள். அன்றைக்கு நாடக மேடையில் சிவப்புக் கோட்டு போட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தன் முகம்கூட மெத்தாவுக்கு நினைவில்லை. அவளுக்குக் கிடைத்த இடம் மாடியில், தூணுக்குப் பின்னால்.

இதைக் கிளப்பிவிட்டது அவள் நாத்தனார் அல்மாதான். ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, "நான் பக்கத்துலதானே இருந்தேன், தேம்பித் தேம்பி அழுதா" என்று ஆளுக்கு ஆள் சொன்னாள். அழுதது நிஜம். எதற்கு அழுதாள் என்று அழுதவளுக்கே தெரியவில்லை. அல்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

எல்பே ஆற்றங்கரையில் ஹின்ரிக் குவாஸ்ட்டின் ஆப்பிள் தோட்டத்துக்கு மெத்தா வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தேழு வருஷம். கிளை வெட்டுவது, காய் கழிப்பது, பறிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. சாப்பாட்டைக்கூட அவள் அடுப்போரம் நின்றபடிதான் சாப்பிடுவாள். பொய் என்றால் அல்மாவையே கேளுங்கள். உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள்தானே.

மகள் இல்ஸபே ஹாம்பர்க்கில் பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம், செர்ரி பழுக்கும் முன்னே, அப்பாவையும் அம்மாவையும் அத்தையையும் வேனில் ஏற்றினாள். ஐந்து நாளில் எட்டு அரண்மனை, கடைசியில் ஹாம்பர்க்கில் ஒரு பாட்டு நாடகம். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று அல்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மெத்தா பின்சீட்டில், அவித்த முட்டைக்கும் உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து போனாள்.

மூன்றாவது அரண்மனையிலேயே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றிலும் அதே கண்ணாடி, அதே கட்டில், அதே மாடிப்படி.

"உட்கார்ந்துக்கிட்டே தூங்குவாருன்னு சொன்னாங்களே, அந்த ராஜா எந்த வீட்டுக்காரரு?" என்று மறுநாள் வேனில் கேட்டாள்.

"அது நேத்தும்மா" என்றாள் இல்ஸபே.

"இன்னிக்குப் பாத்தது?"

"இன்னிக்கு இன்னும் ஒண்ணுக்கும் போகவே இல்ல."

நாலாவது, மெக்லென்பர்க் பக்கம் ஒரு சின்ன மஞ்சள் அரண்மனை. மரத்தரை கீறிவிடக் கூடாதென்று வாசலிலேயே பெரிய கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். ஷூவுக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி வழுக்கி வழுக்கி நடக்கவேண்டும். மெத்தாவுக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. நின்று நீவிவிட்டு நிமிர்ந்தால் கூட வந்தவர்களைக் காணோம். நாலு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள். மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் கழிப்பறைக்குப் போயிருந்தாள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் கருநீலச் சட்டை போடுவார்கள். மெத்தா போட்டிருந்த ஸ்வெட்டரும் கருநீலம்.

"அம்மா, கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று ஒருத்தர் கேட்டார். அல்மா மூன்று தரம் போய்வந்திருந்ததால் மெத்தாவுக்கு வழி அத்துப்படி. சொன்னாள். இன்னொரு பெண், அங்கே மாட்டியிருந்த படத்தில் இருப்பது யாரென்று கேட்டாள். "வீட்டுக்காரரு" என்றாள். தப்பில்லையே! அப்புறம் தொப்பிக்காரர் ஒருவர் வந்து சுவரில் ஒட்டியிருந்த பட்டுத்துணியை விரலால் அழுத்தினார்.

"கையை எடுங்க! அது என்ன ஆப்பிளா, அமுக்கிப் பாக்குறதுக்கு?"

மனுஷர் கையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார், தொப்பியையும் கழற்றினார். வாசலில் நின்று இதைப் பார்த்த நாற்காலிக்காரி சிரித்தாள். மெத்தா பதறி எழுந்தாள்.

"உட்காருங்க, உட்காருங்க. நான் இத்தனை வருஷமா சொல்றேன், ஒருத்தர்கூடத் தொப்பியக் கழட்டினதில்ல. குளிர்காலத்துக்கு இங்க ஆள் பத்தல. வர்றீங்களா?"

கேலி செய்கிறாள் என்றுதான் மெத்தா நினைத்தாள். ஆனாலும் அவள் போன் நம்பர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டாள். வேனுக்கு வந்ததும், "எங்கடி தொலைஞ்சே?" என்றாள் அல்மா. "வழி தெரியல" என்றாள் மெத்தா.

ஐந்தாம் நாள் நாடகம். "பேச வேண்டியதை ஏன் பாடறாங்க?" என்று மெத்தா கேட்டதற்கு இல்ஸபே தொடையில் கிள்ளினாள். அப்புறம் மேடையில் ஒரு ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு முழுக்க எழுந்திருக்கவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் ஆடினார்கள், அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். தூணுக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்த மெத்தாவுக்குக் கண்ணீர் கொட்டியது.

இடைவேளையில் ஹின்ரிக் கேட்டான்: "பல் வலியா?"

"இல்ல."

"பசியா?"

"தெரியல ஹின்ரிக்."

அவன் போய் இரண்டு உப்பு ரொட்டி வாங்கிவந்தான். தின்றுகொண்டே அழுதாள். நடந்தது அவ்வளவுதான்.

செர்ரி வந்தது, போனது. ஆப்பிள் வந்தது. காகிதம் ஏப்ரன் பையோடு துவைபட்டுக் கூழானது. அப்போதுதான் தெரிந்தது, நம்பர் அவளுக்கு மனப்பாடம் என்று. பெற்ற மகள் நம்பரே மனசில் நிற்காதவளுக்கு இது எப்படி நின்றது? அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. செப்டம்பரில் போன் செய்து வருகிறேன் என்றாள். மறுநாள் வரமாட்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் வருகிறேன் என்றாள்.

தரம் பிரிக்கும் கொட்டகையில் வைத்து ஹின்ரிக்கிடம் சொன்னாள்.

"குளிர்காலம் மட்டுந்தான். ஏப்ரல்ல வந்துடுவேன்."

"கிளை யாரு வெட்டறது?"

"நீயும் கூலிக்கு வர்ற அந்தப் போலந்துக்காரங்களும்."

"ம்" என்றான்.

ஹின்ரிக்கின் 'ம்' பல வகை. அத்தனையும் அவளுக்குப் பழக்கம். இது புதுசு. அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று: போனால் திரும்ப இந்த வீட்டில் இடம் உண்டா? கேட்க வாய் வரவில்லை. அதற்கும் 'ம்' என்றால் என்ன செய்வாள்? இல்ஸபே போ என்றாள். அல்மா குடும்ப மானம் என்றாள். மெத்தா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

நவம்பரில் கடைசிப் பெட்டி ஆப்பிளும் குளிரறைக்குப் போயிற்று. மரத்தில் ஒரு காயை விட்டுவிட்டுப் போனாள் என்று எவராவது சொல்லட்டும், கேட்கிறேன். மறுநாள் காலை துணிப்பெட்டியோடு மாடிப்படி இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்வாசல் திறந்திருந்தது.

எங்கள் ஊர் வீடுகளில் அந்தக் கதவு சும்மா திறக்கிற கதவல்ல. கல்யாணப் பெண் அதன் வழியாக ஒருமுறை உள்ளே வருவாள். செத்தபின் ஒருமுறை வெளியே போவாள். மற்றபடி எல்லோருக்கும் பக்கக் கதவுதான். முன்கதவுக்கு வெளியே கைப்பிடிகூடக் கிடையாது. ஹின்ரிக் அதன் கீலுக்கு எண்ணெய் விட்டு, கையில் எண்ணெய்க் குப்பியோடு நின்றான்.

"பெட்டி பெருசு. பக்கக் கதவுல இடிக்கும்" என்றான்.

பெட்டியை ஒரு கையால் தூக்கலாம்; அவ்வளவு சின்னது. பிணமாகக் கணக்கு வைத்து அனுப்புகிறானா, வந்த மாதிரியே மரியாதையாக அனுப்புகிறானா? அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"ஹின்ரிக், இதுல வெளிப்பக்கம் பிடியே இல்லையே. நான் எப்படித் திரும்பி வர்றது?"

அவன் கதவைப் பார்த்தான். முதல்தடவை பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தான்.

"தட்டினா திறக்கறேன்."

"உனக்கு இடது காது கேக்காதே."

"பலமாத் தட்டு. போ, குளிரு உள்ள வருது."

எதிர்வீட்டுச் சன்னலில் அல்மாவின் திரைச்சீலை அசைந்தது. மெத்தா பெட்டியை எடுத்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்று, வெளியே போனாள்.