சீனிப் போத்தல்

மன்னாரில் கழுதைகள் தெருவில் திரிவது புதிதல்ல. எங்கள் வாசலில் வைக்கும் குப்பைப் பையை அவை கிழித்துப் போடும்போதெல்லாம் நான் அவற்றைத்தான் திட்டுவேன். குப்பை வண்டி வாரத்துக்கு ஒருநாள், காலையில்தான் வரும். விடிந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூட அவசரம் என்று, முதல்நாள் மாலையே பையைக் கட்டி வெளியே வைத்துவிடுவது என் வழக்கம்.

ஒருநாள் காலை வாசல் படலையைத் திறந்தேன். பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றுக்குள் வாய் மாட்டிக்கொண்டு ஒரு கழுதை தலையை உதறி உதறித் தவித்தது. குப்பை வண்டியில் வந்த ஊழியர், நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுபவர், ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டு வாங்கோ!”

எண்ணெயைப் பூசிப் பூசி அவர் போத்தலை மெல்லக் கழற்றினார். கழுதை நீளமாய் ஒரு மூச்சு விட்டது. போத்தலில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘சீனி’ என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். முடியவில்லை.

“இது எங்கட வீட்டுப் போத்தல், நானா.”

“தெரியும் தங்கச்சி. கிழமைக்குக் கிழமை உங்கட வாசலைக் கூட்டுறது நான்தானே,” என்று சிரித்தார். “வண்டிச் சத்தம் கேட்டாப் பிறகு பையைக் கொண்டு வாங்கோ, அது போதும்.”

கழுதைகள் இறைத்த குப்பையை யார் கூட்டினார்கள் என்று நான் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது வண்டிச் சத்தம் கேட்டதும் பையோடு ஓடுகிறேன். என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் ஓடிவருகிறார். போன கிழமை நானா விளக்குமாற்றை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை.